மறுமொழி: ‘ரெஃப்யூஜியா’வுக்குப் ‘புகலிடம்’ போதுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குதிரை, மாடுகளின் குடற்புழு நீக்கம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் ‘ரெஃப்யூஜியா’ என்ற சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை ‘புகலிடம்’, ‘அடைக்கலம்’, ‘தீண்டாத் தொகுதி’ ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் வாக்கியங்களில் இட்டு எழுதிப் பார்த்த பின் நான் ‘மருந்து படாத் தொகை’ என்பதை முன்வைக்கிறேன்.

ஒரு மந்தைக்கு மருந்து கொடுக்கும் நாளில் அம்மருந்துக்கு ஆட்படாமல் இருக்கும் புழுக்கள் அனைத்தையும், அவை எந்தப் பருவத்தில் எங்கே இருந்தாலும், ‘ரெஃப்யூஜியா’ குறிக்கிறது. புல்லில் ஏறி நிற்கும் இளம்புழு, சாணத்திலும் இலத்தியிலும் கிடக்கும் முட்டை, மருந்து கொடுக்காமல் விட்ட விலங்கின் குடலில் வாழும் புழு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். மருந்தைத் தாங்கிப் பிழைத்த சில புழுக்கள் தமக்குள் மட்டுமே இனம்பெருக்கினால் அடுத்த தலைமுறை முழுவதும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். மருந்து படாதவை ஏராளமாகக் கலந்தால் அந்தத் திறன் நீர்த்துப்போகும்.

‘புகலிடம்’ என்பதில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான். இது இடத்தின் பெயரன்று. குதிரையின் பெருங்குடல் சுவருக்குள் உறைபோர்த்திக் கிடக்கும் சிறு ஸ்ட்ராங்கைல் என்னும் உருளைப்புழுவின் இளம்புழுவை எடுத்துக்கொள்வோம். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்தைக் கொடுத்தால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மாக்சிடெக்டின் என்ற மற்றொரு மருந்தைக் கொடுத்தால் அதே புழுவில் ஒரு பகுதி சாகிறது. இடம் மாறவில்லை, மருந்துதான் மாறியது. மழைக்காலத்தில் இளம்புழுக்கள் நிறைந்திருக்கும் மேய்ச்சல் நிலம் கடும் வறட்சியில் ஏறத்தாழ வெறுமையாகிவிடுவதும் அப்படித்தான்: அந்த நேரத்தில் எல்லா மாடுகளுக்கும் மருந்து கொடுத்தால், நிலம் அப்படியே இருந்தும் நீர்க்கச் செய்யும் புழுக்கள் இல்லாமல் போகின்றன. காய்ப்புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. (Bt) பருத்தியைச் சுற்றிப் பி.டி. அல்லாத பருத்தியை ஐந்து வரிசையோ 20 விழுக்காட்டுப் பரப்போ நடச் சொன்ன பழைய விதியில் ‘புகலிடம்’ மிகப் பொருத்தமான சொல். காய்ப்புழுவுக்கு அது உண்மையாகவே ஓர் இடம். அதை அங்கேயே விட்டுவைப்போம்.

‘அடைக்கலம்’ என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். ‘தீண்டா’ என்னும் அடை நம் மொழியில் சுமந்துவரும் வரலாற்றை ஓர் அறிவியல் சொல்லில் மீண்டும் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘படுதல்’ அப்படியன்று. வெயில் படாத இடம், மருந்து படாத இலை என்றெல்லாம் வயலில் அன்றாடம் புழங்கும் வினை அது.

இச்சொல்லின் தேவை எங்கிருந்து எழுந்தது என்பதையும் மறக்கலாகாது. 1966இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் டிரட்ஜும் லயன்ஸும், குடலுக்குச் செல்லும் தமனியைச் சிதைக்கும் ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற பெரிய ஸ்ட்ராங்கைலை ஒடுக்க, குதிரைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கப் பரிந்துரைத்தார்கள். அது பலித்தது. ஆனால் எல்லாக் குதிரைகளுக்கும் ஆண்டு முழுவதும் கொடுக்கும் வழக்கம் நிலைத்ததால், சிறு ஸ்ட்ராங்கைல்களிடம் பென்சிமிடசோல் மருந்துகள் உலகின் பல பகுதிகளில் பயனிழந்தன. மாடுகளில் கூப்பீரியா புழுக்கள் ஐவர்மெக்டினுக்கு அடங்காமல் போனதும் இதையொத்த கதையே.

ஆகவே இன்று இலத்தியில் உள்ள புழுமுட்டைகளை எண்ணிப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். நான்கு கிராம் இலத்தியை 56 மில்லிலிட்டர் நிறைவுற்ற உப்புக்கரைசலில் கலக்கி, வடிகட்டி, முட்டை எண்ணுவதற்கான மெக்மாஸ்டர் கண்ணாடிச் சில்லின் இரு அறைகளில் நிரப்பினால், முட்டைகள் மிதந்து மேல் கண்ணாடியின் அடியில் வந்து ஒட்டும். எண்ணிய ஒவ்வொன்றும் கிராமுக்கு 50 முட்டைக்குச் சமம். ஒரு குதிரையில் 24 தெரிந்தால் கிராமுக்கு 1200. பக்கத்துக் கொட்டடிக் குதிரையில் ஒன்றுகூடத் தெரியாமல் போகலாம். வளர்ந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மந்தையின் பெரும்பாலான முட்டைகளை இடுவதால், மற்றவற்றுக்கு மருந்தைக் குறைத்து, அவற்றின் புழுக்களை அறிந்தே விட்டுவைக்க முடிகிறது.

விட்டுவைப்பது கைவிடுவதன்று என்பதற்கு டென்மார்க் சான்று. அங்கு 1999 முதல் மருத்துவர் சீட்டின்றிக் குடற்புழு மருந்து கிடையாது. பின்னர், முட்டை எண்ணிக்கையின்படி தேர்ந்து மருந்திட்ட பண்ணைகளில் ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் கூடுதலாகக் காணப்பட்டது. பெரிய, சிறிய ஸ்ட்ராங்கைல்களின் முட்டைகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். முட்டையைப் பொரிக்கவிட்டு இளம்புழுவைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ‘விடுபுழு’ என்று முதலில் நான் குறித்துவைத்திருந்த சொல்லையும் கைவிட்டேன். அது மனிதர் விட்டதை மட்டும் சொல்கிறது. புல்லில் இருப்பவற்றை யாரும் விடவில்லை.

இலக்கண நோக்கில் ‘படா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘ஓடாக் குதிரை’ போல வல்லினம் மிகுந்து ‘படாத் தொகை’ ஆகும். ‘மக்கள்தொகை’ ஏற்கெனவே நிலைத்திருப்பதால் ‘தொகை’ பணத்தைக் குறிக்குமோ என்ற ஐயமும் எழாது. மருந்துக்குப் பின் முட்டை மீண்டும் தென்படும் வரையிலான இடைவெளிக்கு ‘முட்டை மீள்தோற்றக் காலம்’ எனவும், தேர்ந்து கொடுப்பதற்குத் ‘தேர்ந்து மருந்திடல்’ எனவும் இதனோடு சேர்த்துப் பதியலாம்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. உறைபோர்த்திய இளம்புழுவைப் போல மருந்து ஓரளவே எட்டுபவற்றை இத்தொகையில் சேர்ப்பதா, ‘அரைபடு தொகை’ எனத் தனியே பிரிப்பதா? ‘அரைபடு’ என்பது அரைத்தலை நினைவூட்டுவது உறுத்துகிறது. கால்நடை மருத்துவம் பயின்றவர்கள் இதற்கு வேறு சொல் தந்தால் நன்றியுடையவனாவேன்.