மறு: எஸ்.எஸ்.டி.க்குத் தமிழ்ச் சொல்: ‘திண்மகம்’ என்று முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை முழுவதையும் படித்தேன். விளையாட்டு மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி.யை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் கோப்புகளைச் சேமிக்கும் ‘சாலிட் ஸ்டேட் டிரைவை’த் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது பற்றிய நம் கையேட்டுக்குத்தான் சொல் தேடுகிறோம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் மடிக்கணினி பழுதுபார்க்கிறவன். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். கையேட்டையும் அவர்களைப் போன்றவர்கள்தான் படிக்கப் போகிறார்கள். அதை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

> ‘திண்மநிலை இயக்கி’ ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் என்பேன். அச்சுப்பொறிக்கும் வரைகலை அட்டைக்கும் கணினியில் நிறுவுகிற மென்பொருளை ‘இயக்கி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே வரியில் வந்து மோதாது என்று தோன்றலாம், ஆனால் மோதுகின்றன. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த மடிக்கணினிகள் பலவற்றில், புது எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸ் நிறுவப் போனால், எதில் நிறுவலாம் என்று காட்ட வேண்டிய பட்டியல் காலியாக வரும். சேமிப்பகத்தைக் கணினிக்குக் காட்டும் இன்டெல்லின் வி.எம்.டி. இயக்கி மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஏற்றிய பிறகுதான் எஸ்.எஸ்.டி. அதில் தெரியும். இதைப் பழைய சொல்லில் எழுதினால் ‘இயக்கி தெரியாவிட்டால் இயக்கியை ஏற்றவும்’ என்று வரும். முதல் தடவையாக அடிமூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த வரி என்ன சொல்லும்? தான் சரியாகச் செருகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி பிடுங்கிச் செருகும்.

‘டிரைவ்’ என்பதற்கு ‘இயக்ககம்’ என்பது பரவாயில்லை. ஆனால் அதுவும் தட்டைச் சுழற்றுகிற மோட்டார் இருந்த காலத்துப் பெயர்தான். 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் வன்தட்டில் தட்டுகள் சுழன்றன, இன்றைய வன்தட்டிலும் சுழல்கின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுழல ஒன்றுமே இல்லை.

சிப்பைக் குறிக்கும் ‘சில்லு’விலிருந்து வந்த ‘சில்லகம்’ என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஈழத்து நண்பர் சொன்னதுதான் சரி. அங்கே சில்லு என்றால் சக்கரம். சுழலாத ஒன்றுக்குச் சக்கரத்தின் பெயரை வைத்தால் தமிழ் படிப்பவர்களில் ஒரு பகுதியினரை நாமே குழப்புகிறோம். எங்கள் தெருவில் பாண்டி ஆடுகிற பிள்ளைகள் கட்டத்தில் எறிவதும் சில்லுதான் என்பது வேறு.

ஆகவே ‘திண்மகம்’. மரக்கட்டையும் திண்மம்தானே, அது எதைச் சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வால்வு ரேடியோவில் எலக்ட்ரான்கள் கண்ணாடிக் குழாய்க்குள் வெற்றிடத்தில் ஓடின. டிரான்சிஸ்டர் வந்த பிறகு படிகத் திண்மத்துக்குள்ளேயே ஓடின. அந்த வேறுபாட்டைச் சொல்லப் பிறந்த ‘சாலிட் ஸ்டேட்’ (திண்மநிலை) என்ற அடைமொழிதான் இங்கேயும் வந்திருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் நம் கோப்புகள் சிலிக்கானுக்குள் பிடித்து வைக்கப்பட்ட மின்னூட்டமாக இருக்கின்றன. அதனால் திண்மம் பொய்யில்லை. சொல்லும் சிறியது, கூட்டுச் சொற்களுக்கு வளைந்து கொடுக்கிறது: திண்மகச் செருகுவாய், வெளித்திண்மகம், ‘ரெண்டாவது திண்மகம் போட இடம் இருக்கா?’ கடைசி வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

ஆனால் இந்த ஒரு சொல்லோடு விட்டுவிட்டால் கையேடு யாருக்கும் உதவாது. கடையில் நான் பார்க்கும் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. சிறு பலகை வடிவில் வரும் ‘எம்.2’ எஸ்.எஸ்.டி. என்றாலே வேகமானது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு மாணவர் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்த எம்.2 பலகையின் முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தன. அது சாட்டா என்ற வேகம் குறைந்த பழைய வகை. அவருடைய மடிக்கணினியின் செருகுவாய் என்.வி.எம்.இ. என்ற வேகமான வகையை மட்டும் ஏற்பது. பலகை அழகாக உள்ளே போனது, திருகும் பூட்டியது, கணினிக்கு மட்டும் அது தெரியவே இல்லை. ஒரே சொல்லில் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பியதன் விலை அது.

அதனால் மூன்றையும் பிரித்துப் பெயரிடுவோம். எம்.2 என்பது ‘வடிவளவு’. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு, திருகுத்துளை அந்த நீளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரவு ஓடும் வழிக்குப் (bus) ‘பாட்டை’ என்ற நல்ல சொல் நம் அகராதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. சாட்டா பாட்டையில் நொடிக்கு 550 மெகாபைட் அளவோடு நின்றுவிடும். பி.சி.ஐ.இ. என்ற வேகமான பாட்டையின் மூன்றாம் தலைமுறையில் நான்கு தடம் (lane) இருந்தால் சுமார் 3,500, நான்காம் தலைமுறையில் சுமார் 7,000. நான்காம் தலைமுறைத் திண்மகத்தை மூன்றாம் தலைமுறைச் செருகுவாயில் போட்டாலும் ஓடும், வேகம் மட்டும் மூன்றாம் தலைமுறையோடு நிற்கும். என்.வி.எம்.இ. என்பது அந்தப் பாட்டையில் பேசும் ‘நெறிமுறை’. இந்த மூன்று சொற்களையும் ஒருவர் மடிக்கணினியின் விவரத்தாளில் தேடிப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும், பணம் வீணாகாது.

அடுத்து டி.எல்.சி., கியூ.எல்.சி. தரவைப் பிடித்து வைக்கும் ஒரு நினைவுக் கலத்தில் (cell) எத்தனை பிட்டு என்பதுதானே விஷயம்? ‘முப்பிட்டுக் கலம்’, ‘நாற்பிட்டுக் கலம்’ என்று நேராகவே சொல்லலாம். பிட்டு கூடக்கூட விலை குறையும், தாங்குதிறனும் குறையும். 100 ஜி.பி.க்கு மேற்பட்ட விளையாட்டை வேறொரு வேகமான வட்டிலிருந்து ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது, இடைத்தேக்கம் (cache, எழுதுவதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் வேகமான பகுதி) நிரம்பியதும் நாற்பிட்டு வகையின் வேகம் சட்டென்று சரிவதைக் கண்ணால் பார்க்கலாம். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது முப்பிட்டு வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

சூடு பற்றிய பகுதியில் ‘வெப்பத் தணிப்பு’ என்று எழுதியிருக்கிறோம். சூடானதும் திண்மகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதைத்தான் அங்கே சொல்ல வந்தோம், அதனால் ‘வெப்ப வேகக்குறைப்பு’ என்று மாற்றிவிடலாம். மே மாதத்து ஓட்டு வீட்டில் மெத்தைமேல் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இது அவசியமான பத்தி. மேசைக்கணினிக்கான தடித்த வெப்பத்தகடு ஒட்டிய திண்மகம் மடிக்கணினி மூடிக்குள் அடங்காது என்பதையும் அங்கேயே சேர்க்க வேண்டும்.

பொருத்தும் பகுதியில் சொல் சிக்கல் இல்லை, வரிசையைத்தான் மாற்ற வேண்டும். விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை எழுதி வைப்பது முதலில் வரட்டும். பிறகு அணைத்தல், சார்ஜரைப் பிடுங்குதல், மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுதல். பலகையைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்திப் படுக்க வைத்துத் திருகலாம். சூட்டைக் கடத்தும் வெப்ப மெத்தையின் (thermal pad) மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்கச் சொல்லும் வரி விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துவிடுகிறேன்.

‘திண்மகம்’ மீது மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘இடைத்தேக்கம்’ எனக்கே முழு நிறைவு தரவில்லை, அதற்கு இன்னும் நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?