பாட்டு போட்டால் கேம் திணறுகிறது, பிரிண்டர் ஒளிந்துகொள்கிறது

மாடிவீடு:
ரூட்டர் கீழே ஹாலில், டிவி பக்கத்தில். லேப்டாப்பில் இருக்கும் பழைய பாட்டுகளை டிவியில் போட்டால், மாடியில் பிளேஸ்டேஷன் ஆடும் பையன் "லேக் அடிக்குதுப்பா" என்று கத்துகிறான். பிரிண்டர் வேறு என் ஃபோனுக்குத் தெரிகிறது, வீட்டம்மா ஃபோனுக்குத் தெரியவில்லை. புது ரூட்டர் வாங்கணுமா?

கம்பிக்காரன்:
காசை வீணாக்காதீங்க சார். வீட்டம்மா ஃபோன் கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இருக்கா பாருங்கள். அதில் இணையம் வரும். வீட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் கண்ணுக்கே படாது. கேமுக்கு மாடிப்படி ஓரமாக ரூட்டரிலிருந்து ஒரு கேட்-6 கேபிள் (நெட்வொர்க் கம்பி) இழுத்துவிடுங்கள். வைஃபையில் தாமதம் ஏறி இறங்கும், அதுதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது.

ராகமாலிகா:
பாட்டைக் குறை சொல்லாதீங்க! எம்பி3 பாட்டு அதிகபட்சமே நொடிக்கு 320 கிலோபிட், வைஃபைக்கு அது சின்னச் சுமை. ஆனால் லேப்டாப், டிவி இரண்டும் வைஃபை என்றால் ஒரே பாட்டு காற்றில் இரண்டு தடவை போகும். டிவியைக் கேபிளில் மாட்டுங்கள். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு; லேப்டாப் 5-இல் இருக்கட்டும். பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், அதனால் அதையும் அணைக்காதீங்க.

மாடிவீடு:
கெஸ்ட்தான்! பையன் போட்டுக்கொடுத்த வேலை. மாற்றியதும் கரண்ட் பில் அச்சாகிவிட்டது. ஆனால் கரண்ட் போய் வந்தால் லேப்டாப்புக்குப் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிறதே?

கம்பிக்காரன்:
பிரிண்டருக்கு ரூட்டர் கொடுக்கும் எண், அதாவது ஐ.பி. முகவரி, மாறியிருக்கும். ரூட்டர் செட்டிங்கில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று இருக்கும், பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் லேப்டாப்பில் பிரிண்டரை நீக்கி, அந்த முகவரியில் மறுபடி சேர்த்துவிடுங்கள்.