மறு: ஹெட்ரூமுக்குத் தமிழில் என்ன? ‘எழுவெளி’யை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெட்ரூமுக்கு, அதாவது ஒலி சிதையத் தொடங்குமுன் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியில் மிச்சம் இருக்கும் இடத்துக்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த பதில்களை இடையிடையே மேற்கோளாகத் தந்து மறுமொழி சொல்கிறேன். முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், முந்தைய மடலில் அதை விட்டுவிட்டேன். பெடல் ஸ்டீல் கிட்டார் (படுக்கைவாட்டில் வைத்து, கம்பிமேல் உலோகத் துண்டை நகர்த்தி, பெடல்களால் சுருதி மாற்றி வாசிப்பது) வாசிப்பவர் எந்த வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் பெருக்குவது) வாங்குவது என்று தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி ஒரே சொல்லில் இருக்கிறது, அந்தச் சொல்தான் நம்மிடம் இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி நகர்ந்திருக்கலாம். ஆனால் ‘ஹெட்ரூம்’ என்று ஒரு பக்கத்தில் பதினைந்து தடவை வந்தால் படிப்பவருக்குப் பொருள் பதினைந்து தடவையும் மனப்பாடமாகத்தான் போகும், கண்முன் விரியாது.

> தலையிடம் என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியாது என்றுதான் நினைக்கிறேன். பாலத்துக்கு அடியில் போகும் வண்டிக்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் குறிக்கும். நாம் தலையை மட்டும் பெயர்த்து வைத்தால் பாலமும் வண்டியும் காணாமல் போய்விடும். அதோடு ‘தலையிடம்’ என்று வேகமாகப் படித்தால் ‘தலைமையிடம்’ என்றுதான் கண்ணில் விழுகிறது. ‘மேலிடம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதைக் கட்சிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

> திறன் இருப்பு எப்படி? வாட் அதிகமிருந்தால்தானே ஹெட்ரூம் அதிகம்?

இது கொஞ்சம் நின்று பேச வேண்டியது, ஏனென்றால் பாதி சரி. சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம்.

பெடல் ஸ்டீலில் வலது கால் எப்போதும் வால்யூம் பெடல் மேல் இருக்கும். கம்பியை மீட்டும்போது அந்தப் பெடல் பாதிதான் அழுத்தப்பட்டிருக்கும். மீட்டிய ஒலி தேயத் தேயக் கால் மெல்ல அழுத்திக்கொண்டே போகும், அதனால்தான் அந்தக் கார்வை முடிவே இல்லாததுபோல் நிற்கிறது. அதாவது வாசிப்பவர் தன் சத்தத்தில் ஒரு பங்கைப் பிறகு தேவைப்படும் என்று ஒவ்வொரு ஸ்வரத்திலும் எடுத்து வைத்துக்கொண்டே வாசிக்கிறார். விரல்களில் மாட்டிய பிக் கம்பியில் படும் அந்த முதல் கணத்தில் சிக்னல் குத்திட்டு எழும், அதற்கும் இடம் வேண்டும். போதாததற்கு கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பில், ஸ்டீலைப் பொறுத்தவரை, கம்பிச் சுற்று அதிகம்: பலவற்றில் மின்தடை 15 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கும், சாதாரண ஒற்றைச் சுருள் கிட்டார் பிக்கப்பைப்போல இரண்டு, மூன்று மடங்கு. உள்ளே வருவதே பலமாக வருகிறது.

இடம் போதாவிட்டால் என்ன ஆகும்? 22 வாட் ஆம்ப் ஒன்றில் இதை நானே கேட்டேன். E9 சுருதி அமைப்பில் நான்காவது கம்பி E, 330 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி B, 247. இரண்டையும் சேர்த்து மீட்டிவிட்டு, சுருதியை மாற்றும் பெடல்களில் A பெடலை மிதித்தால் B மட்டும் வழுக்கிக்கொண்டு C ஷார்ப்புக்கு, அதாவது 277க்கு ஏறும். ஸ்டீலின் அழகே அந்த ஏற்றம்தான். ஆனால் சிக்னலை முதலில் பெருக்கும் முன்நிலை வால்வு எல்லை தாண்டிவிட்டால் இரண்டு ஸ்வரங்களின் வித்தியாசமும் ஒரு தனி ஒலியாக அடியில் கேட்க ஆரம்பிக்கும். முதலில் 83 ஹெர்ட்ஸ், பெடல் மிதித்து முடிக்கும்போது 53க்குப் பக்கம். மேலே ஸ்வரம் ஏறுகிறது, அடியில் ஒரு உறுமல் இறங்குகிறது! ராக் கிட்டார் வாசிப்பவர் ஒரே கம்பியில் இழுக்கும்போது அந்தக் கரகரப்பு அவருக்குத் துணை. இரண்டு மூன்று கம்பிகளை எதிரெதிராக நகர்த்துகிற ஸ்டீலுக்கு அது பாட்டையே கெடுத்துவிடும்.

இப்போது வாட் விஷயம். 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்பில் நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஸ்டீல் வாசிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தேடிப் போனதற்குக் காரணம் சத்தம் அல்ல, அந்தச் சத்தத்துக்கு மேலே இருக்கும் மிச்சம். 22 வாட்டிலிருந்து 85 வாட்டுக்குப் போனால் கிடைப்பது ஏறக்குறைய 6 டெசிபெல். கிட்டத்தட்ட நாலு மடங்கு வாட் கொடுத்து 6 டெசிபெல்தானா என்று தோன்றும், ஆமாம் அவ்வளவுதான். அதே ஆம்பில் இரண்டாவது உள்ளீட்டுத் துளையில் செருகினால் உள்ளே போகும் சிக்னல் பாதியாகிறது, அங்கேயும் 6 டெசிபெல். இது வாட்டைத் தொடவே இல்லை. ஆனால் முதல் வால்வுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. இதேபோல முதல் நிலையில் 12ஏஎக்ஸ்7 வால்வை எடுத்துவிட்டு 5751 போடுபவர்கள் உண்டு. பெருக்கம் 100க்குப் பதில் 70 ஆகும், அதற்கு அடுத்து வரும் நிலைகளுக்கு நெருக்கடி குறையும், கடைசி நிலையின் வாட் அப்படியே இருக்கும்.

ஆக இந்த ‘மிச்சம்’ ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக இருக்கிறது. திறன் என்ற சொல்லோடு கட்டிவிட்டால் கடைசி நிலைக்கு மட்டும்தான் பொருந்தும். ‘கையிருப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதையும் இதனால்தான் மனமில்லாமல் விட்டேன். இருப்பு என்பது கையில் உள்ள பொருள். இங்கே இருப்பது பொருள் அல்ல, வெறும் இடம். ‘உச்சவரம்பு’ கூரையைச் சொல்கிறது, கூரைக்கும் நமக்கும் நடுவில் உள்ளதைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை: எழுவெளி.

எழு என்பது வினைத்தொகையாக நிற்கிறது. எழுந்த வெளி, எழுகிற வெளி, எழும் வெளி மூன்றும் அதில் அடங்கும். ஸ்டீல் வாசிப்பவரின் கால் இன்னும் அழுத்தாத அந்தப் பாதிக்கும் சேர்த்தே பெயர் வைத்ததுபோல் இருக்கிறது. நான்கே எழுத்து. உருபு ஏற்றால் முரண்டு பிடிக்கவில்லை: எழுவெளியை, எழுவெளிக்கு, எழுவெளியில்லாத ஆம்ப்.

> எழு என்றால் ஏழு என்றும் வருமே, எழுகடல் போல?

வரும். ஆனால் எழுஞாயிறு என்று படித்து யாரும் ஏழு சூரியனை எண்ணுவதில்லை. பக்கத்தில் டெசிபெல் இருக்கும்போது குழப்பம் வராது என்று நம்புகிறேன். இது வலுவான ஆட்சேபம் என்று நினைப்பவர்கள் ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள், யோசிக்கிறேன்.

எழுவெளி எங்கே முடிகிறது என்பதற்கும் சொல் வேண்டும், கிளிப்பிங். இதுவரை ‘துண்டிப்பு’ என்று எழுதிவந்தோம், அதைக் கேட்டால் கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். நம்மிடம் ஏற்கனவே ‘தலைதட்டி அளப்பது’ இருக்கிறதே! படியில் குவிந்து நிற்கும் தானியத்தை விளிம்போடு வழித்துவிடுவது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் அலையின் முகட்டுக்கு நடப்பது அதுவேதான், கூம்பு போய்த் தட்டையாகிவிடும். ‘தலைதட்டல்’ என்றே எடுத்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் ஆக்கவில்லை, இருந்ததைக் கொண்டுவந்து வைக்கிறோம். வால்வில் மட்டும் அந்த விளிம்பு கூராக இருப்பதில்லை, முகடு முதலில் மழுங்கி அப்புறம்தான் தட்டையாகும். அதனால் வரையறையில் ‘தொடங்கும்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும்:

எழுவெளி: வழக்கமாக வாசிக்கும் அளவுக்கும் தலைதட்டல் தொடங்கும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு, டெசிபெல்லில் சொல்லப்படும்.

இன்னொன்று. பலமாக மீட்டும் கணத்தில் பவர் சப்ளையின் மின்னழுத்தம் இறங்கிவிடுவதற்கு ‘தொய்வு’ போதும், அதில் யாருக்கும் சிக்கல் இருக்காது. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும் வால்வாக இருக்கும் ஆம்ப்களில் இது அதிகம். தொய்ந்தால் கூரையே கீழே வருகிறது, எழுவெளி அந்த நேரத்துக்குச் சுருங்குகிறது. ட்வினில் ரெக்டிஃபையர் டயோடுதான், அதனால் அங்கே இது குறைவு. ஆம்ப் விவரக்குறிப்பைப் படிக்கும்போது வாட்டுக்கு அடுத்து ஸ்டீல்காரர் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன், ஸ்பீக்கர் 12 அங்குலமா 15 அங்குலமா என்ற நெடுநாள் சண்டையெல்லாம் அதற்கப்புறம்.

நின்றுபோன முதல் பத்தியை இந்தச் சொற்களை வைத்து மறுபடி எழுதிப் பார்த்தேன்:

“பெடல் ஸ்டீலுக்கு வால்வு ஆம்ப் தேடும்போது அது எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்காதீர்கள், நீங்கள் வாசிக்கும் சத்தத்தில் எவ்வளவு எழுவெளி மிச்சம் வைக்கும் என்று கேளுங்கள். வால்யூம் பெடலைப் பாதியில் வைத்து நான்காம், ஐந்தாம் கம்பிகளைச் சேர்த்து மீட்டி, A பெடலை மிதித்தபடி வால்யூமைக் கடைசிவரை அழுத்துங்கள். அடியில் எதுவும் உறுமாமல் மேலே அந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும் நின்றால் எழுவெளி போதும். உறுமினால் எங்கோ தலைதட்டுகிறது. இரண்டாவது துளைக்கு மாற்றிவிட்டு அதே சத்தத்துக்கு ஆம்பின் வால்யூம் நாப்பைத் திருப்பிப் பாருங்கள். உறுமல் போய்விட்டால் குறை முதல் நிலையில், போகாவிட்டால் பின்னால்.”

இதில் எந்த இடத்தில் நாக்கோ கண்ணோ இடறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள், அந்த இடத்தை மாற்றிவிட்டு இரண்டாம் பத்திக்குப் போகிறேன்.