டாக்கெட்: வழக்கு நடப்பேடா, வழக்கு நிகழ்வேடா? (கவுண்டி நீதிமன்ற ஆவணக் கலைச்சொற்கள்)

மடல் 1

அன்பின் குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) நீதிமன்றங்களில் ஆவணம் தேடி நகல் வாங்குவது பற்றிய தமிழ்க் கையேட்டின் வரைவைப் படித்தேன். "டாக்கெட்" என்பதற்கு அதில் நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன: வழக்குப் பட்டியல், வழக்கு நாட்குறிப்பு, ஆவணப் பட்டியல், வழக்குப் பதிவேடு. நான்கையும் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

வழக்குப் பட்டியல் என்றால் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அன்றைக்கு எடுத்துக்கொள்ளப்படும் வழக்குகளின் வரிசை, அதாவது காஸ் லிஸ்ட். வழக்கு நாட்குறிப்பு காவல்துறையின் கேஸ் டைரி. அது குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டாலும் கிடைக்காத ஆவணம். ஆவணப் பட்டியல், சான்றாவணங்களின் அட்டவணை. வழக்குப் பதிவேடோ எல்லா வழக்குகளையும் வரிசை எண் போட்டு ஏற்றும் புத்தகம்.

டாக்கெட் இவற்றில் எதுவுமில்லை. ஒரே ஒரு வழக்கில் தாக்கலானது, சார்வு செய்யப்பட்டது (எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கப்பட்டது), விசாரணைக்கு வந்தது, உத்தரவானது எல்லாம் தேதிவாரியாக ஒரு வரிக்கு ஒன்றாக ஏறும் தாள் அது. கலிபோர்னியாவில் இதையே ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ் என்பார்கள். மாதிரிக்கு ஒரு மணமுறிவு வழக்கில் இப்படி இருக்கும்:

03/06/2023 மனு தாக்கல் (6 பக்.)
03/06/2023 அழைப்பாணை வழங்கப்பட்டது (2 பக்.)
04/05/2023 சார்வு உறுதிமொழி தாக்கல் (2 பக்.)
10/19/2023 தீர்ப்பு பதிவு (14 பக்.)
10/19/2023 தீர்ப்புப் பதிவு அறிவிப்பு (2 பக்.)

தேதியில் மாதம்தான் முதலில். 04/05 ஏப்ரல் 5. மே 4 இல்லை. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

இந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. எந்த ஆவணம், என்ன தேதி, எத்தனை பக்கம் என்று குறித்து நகல் கேட்க முடியும். தெரியாதவர் "என் வழக்கின் பேப்பர்கள் வேண்டும்" என்று எழுதுவார். முழுக் கட்டுக்குமான தொகையைச் சொல்லிக் கடிதம் திரும்பி வரும்.

என் முன்மொழிவு: வழக்கு நடப்பேடு. பேரேடு, குறிப்பேடு, பதிவேடு என்ற வரிசையில் இதுவும் இயல்பாகச் சேரும்.


மடல் 2

> என் முன்மொழிவு: வழக்கு நடப்பேடு.

ஐயா, வணக்கம். ஏட்டை வைத்துக்கொள்வோம், நடப்பில்தான் சிக்கல். நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு என்று பழகிய காதுக்கு "நடப்பேடு" என்றால் தற்போது நிலுவையில் உள்ள வழக்குகளின் ஏடு என்றே படும். டாக்கெட் தேடி வருபவர்களில் பலருக்கு வேண்டியது முடிந்துபோன வழக்கு. "நம் வழக்கு முடிந்துவிட்டது, இதில் இருக்காது" என்று அந்தப் பக்கத்தையே தாண்டிப் போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டு வாசகர், இந்திய நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டுக் கேஸ் ஹிஸ்டரி பார்த்துப் பழகியவர். அதனால் "வழக்கு வரலாறு" என்று வைக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு காரணங்களால் நானே விட்டுவிட்டேன். ஒன்று, தீர்ப்பின் தொடக்கத்தில் "இவ்வழக்கின் வரலாறு வருமாறு" என்று நீதிபதி எழுதும் பகுதியோடு இது மோதும். இரண்டு, இகோர்ட்ஸ் பக்கம் பெரும்பாலும் வாய்தா வரிசை. எந்தத் தேதியில் எதற்காக ஒத்திவைப்பு என்று காட்டும். அமெரிக்க டாக்கெட்டில் முதுகெலும்பு தாக்கலான தாள்கள். விசாரணை தேதி அவற்றுக்கு நடுவே வந்துபோகும். பெயர் ஒன்றாக இருந்தால் வாசகர் வாய்தா தேதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் தாள்களைத் தவறவிடுவார்.

இன்னொன்று. கவுண்டியை "மாவட்டம்" என்று எழுதியிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். யு.எஸ். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்பது கூட்டாட்சி நீதிமன்றம். டெக்சாஸில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மாநில விசாரணை நீதிமன்றம். கவுண்டியையும் மாவட்டம் ஆக்கினால் மூன்றும் ஒன்றாகிவிடும். கவுண்டி கவுண்டியாகவே இருக்கட்டும்.


மடல் 3

வணக்கம். இலங்கை நடைமுறையிலிருந்து ஒரு குறிப்பு, உதவக்கூடும்.

எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, வழக்குத் தொடுக்கப்பட்ட உடனேயே நீதிமன்றம் அந்த வழக்கின் பெயரில் ஒரு ஜேர்னல் தொடங்க வேண்டும் என்கிறது. வழக்கின் நிகழ்வுகள் எல்லாம் நடக்க நடக்க அதில் குறிக்கப்பட வேண்டும். நீங்கள் தேடும் பொருள் அச்சொட்டாக இதுதான். சட்டமே "நிகழ்வுகள்" என்ற கருத்தில் நிற்பதால் வழக்கு நிகழ்வேடு என்று வைத்தால் பொருந்தும். முடிந்த வழக்குக்கும் பொருந்தும், நடக்கும் வழக்குக்கும் பொருந்தும்.

"வழக்கேடு" என்று சுருக்க யாரேனும் நினைத்தால் தவிர்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வழக்கேடு என்றால் முழுக் கோவை; தமிழ்நாட்டில் வழக்குக் கட்டு என்பீர்களே, அது. நிகழ்வேடு அந்தக் கோவைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அதுவே கோவை ஆகாது.


மடல் 4

> நிகழ்வேடு அந்தக் கோவைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அதுவே கோவை ஆகாது.

இந்த ஒரு வரிக்காகவே நிகழ்வேட்டுக்கு என் வாக்கு. ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதைக் கையேட்டின் நடைமுறைப் பகுதியில் போட்டு எழுதிப் பார்ப்பதே சரியான வழி. எழுதிப் பார்த்தேன், திருத்தங்களோடு தருகிறேன்.

எந்த நீதிமன்றம். பேசர் தளத்தில் தேடிவிட்டு "வழக்கே இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். பேசரில் இருப்பது கூட்டாட்சி வழக்குகள் மட்டுமே: பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமில்லை. மணமுறிவு, உயில், வாடகைத் தகராறு, பெரும்பாலான குற்ற வழக்குகள் எல்லாம் மாநில நீதிமன்றங்களில், கவுண்டி வாரியாக இருக்கும். அங்கும் பெயர்கள் காலை வாரும். நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம், அதன் கட்டுகள் கவுண்டி கிளார்க்கிடம். மாநிலத்தின் உச்சியில் இருப்பது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். ஆகவே அங்கே "உச்ச நீதிமன்றம்" என்று மொழிபெயர்க்கக் கூடாது, சுப்ரீம் கோர்ட் என்றே எழுதுவோம். பென்சில்வேனியாவில் உரிமையியல் கட்டுகளை வைத்திருப்பவர் புரோத்தோனோட்டரி, உயில்கள் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸிடம். கலிபோர்னியாவில் எல்லாம் அந்தந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்.

வழக்கு எண். எண் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. புளோரிடாவின் ஒருமித்த எண்ணில் கவுண்டிக் குறியீடு 2 இலக்கம், ஆண்டு 4 இலக்கம், வழக்கு வகை 2 எழுத்து, வரிசை எண் 6 இலக்கம் இருக்கும். வகை டி.ஆர். என்றால் குடும்ப வழக்கு. எண் தெரியாதவர் பெயரை வைத்துத் தேட வேண்டும், தமிழர் பெயர்கள் சறுக்குவது இங்கேதான். தேடுபெட்டி கேட்பது குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. தந்தை பெயர் எந்தப் பெட்டியில் ஏறியதோ, வழக்கறிஞர் அலுவலகம் எப்படித் தட்டியதோ, அப்படித்தான் இருக்கும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு விசாவில் சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும், நீதிமன்றப் பதிவிலும் அதுவே முதற்பெயராக ஏறியிருக்கலாம். முதலெழுத்தை மட்டும் போட்டும் ஒருமுறை பாருங்கள். எதிர்த்தரப்பின் பெயரில் தேடினால் சில நேரம் ஒரே தட்டில் கிடைத்துவிடும்.

நிகழ்வேடு. கிடைத்ததும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். சில தளங்களில் புதியது மேலே, சிலவற்றில் பழையது மேலே. கலிபோர்னியா நீதிமன்ற விதி 2.503இன்படி குடும்பம், குற்றம், காப்பாளர் வழக்குகளின் மின்னாவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து திறக்க முடியாது, நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள கணினியில்தான் பார்க்கலாம். "இணையத்தில் இல்லை, எனவே பொது ஆவணம் இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு நேர்மாறு நியூயார்க் மணமுறிவுக் கட்டு: தரப்பினரும் அவர்களின் வழக்கறிஞரும் தவிர மற்றவர் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பார்க்கவே முடியாது.

நகல் மனு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் புழங்கும் இந்தச் சொல்லே போதும், புதிதாக வேண்டாம். மனுவில் எழுத வேண்டியவை: வழக்கு எண், இரு தரப்பின் பெயர், நிகழ்வேட்டில் உள்ளபடியே ஆவணத்தின் தலைப்பு, தாக்கல் தேதி, பக்க எண்ணிக்கை, சாதா நகலா சான்றிட்ட நகலா, எத்தனை படி. தபாலில் அனுப்பினால் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வையுங்கள். உறை சிறியதாக இருப்பதும் அஞ்சல்தலை போதாததும் மனு தேங்கிக் கிடக்கும் காரணங்களில் முக்கியமானவை. மொத்தத் தொகை தெரியாதபோது, காசோலையில் தொகையை நிரப்பாமல் "இத்தனை டாலருக்கு மேற்படாமல்" என்று எழுதி அனுப்புவதைப் பல கலிபோர்னியா நீதிமன்றங்கள் ஏற்கின்றன.

கட்டணம். கலிபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட். பொதுவான சான்றிடலுக்கு 40 டாலர், மணமுறிவுத் தீர்ப்புக்கு மட்டும் 15 டாலர். அலுவலர் தேடித்தர 10 நிமிடத்துக்கு மேலானால் தேடலுக்கு 15 டாலர். எண்ணை நாமே கண்டுபிடித்துக் கொடுத்தால் இது மிச்சம். முதல் மடலில் உள்ள 14 பக்கத் தீர்ப்புக்குப் பக்கக் கட்டணம் 7, சான்றிடல் 15, ஆக 22 டாலர். புளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட 2 டாலர், பெயர் தேட ஆண்டுக்கு 2 டாலர். அங்கே "எந்த ஆண்டு என்று தெரியாது" என்று எழுதினால் ஆண்டுகளின் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

தவறான தாள். கையேட்டில் அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்க வேண்டும். கலிபோர்னிய மணமுறிவில் தீர்ப்பு எஃப்.எல்.-180 படிவம், தீர்ப்பு பதிவானது என்று தரப்பினருக்குச் சொல்லும் அறிவிப்பு எஃப்.எல்.-190. நிகழ்வேட்டில் இரண்டும் ஒரே தேதியில், அடுத்தடுத்த வரியில் நிற்கும். மணநிலை முடியும் தேதியைத் தீர்மானிக்கும் ஆவணம் 180. சென்னையில் மறுமணப் பதிவுக்கோ பாஸ்போர்ட் மாற்றத்துக்கோ 190ஐ மட்டும் சான்றிட்டு வாங்கி வருபவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "வழக்குப் பட்டியல்", "ஆவணப் பட்டியல்" என்று மங்கலாக எழுதினால் இந்த இரண்டு வரிகளின் வேறுபாட்டை விளக்கவே முடியாது. "நிகழ்வேட்டில் 'தீர்ப்பு' என்று உள்ள வரியின் ஆவணத்தைக் கேளுங்கள், 'அறிவிப்பு' என்று உள்ள வரியை அல்ல" என்று எழுதினால் விளங்குகிறது.

பழைய வழக்கு. கலிபோர்னியாவில் சாதாரண உரிமையியல் கட்டை 10 ஆண்டு, குடும்ப வழக்குக் கட்டை 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிறகு அழிக்கலாம். வெளிக் கிடங்கிலோ மைக்ரோஃபிலிமிலோ இருந்தால் வரவழைக்க நாளாகும். நேரில் போகும் முன் தொலைபேசியில் கேட்பது நல்லது.

தகவல் உரிமை. ஃபோயா (அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம்) மனு போடச் சொல்லும் பத்தியை வரைவிலிருந்து நீக்குங்கள். அந்தச் சட்டம் கூட்டாட்சி நிர்வாகத் துறைகளுக்கானது, நீதிமன்றங்களைத் தொடாது. கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டமும் நீதிமன்றக் கட்டுக்குப் பொருந்தாது. இந்திய வாசகருக்குப் புரியும் இணை ஒன்று உண்டு: குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020இல் நம் உச்ச நீதிமன்றமும், சான்றிட்ட நகலை நீதிமன்ற விதிப்படிதான் வாங்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்று சொல்லிவிட்டது.

சாட்சிகள் பேசியதன் முழு எழுத்துப்படி பெரும்பாலும் கட்டில் இராது. அதை நீதிமன்றச் சுருக்கெழுத்தரிடம் தனியாகக் கேட்க வேண்டும், விலையும் தனி.


மடல் 5

நடப்பேட்டை விட்டுவிடுகிறேன், மடல் 2இன் காரணம் சரியானது. நிகழ்வேடு என்றே வரைவு முழுவதும் மாற்றுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் "டாக்கெட் எனப்படும் வழக்கு நிகழ்வேடு" என்று இருக்கும். கவுன்டரில் வாயால் கேட்கும்போது டாக்கெட் என்றுதானே சொல்லியாக வேண்டும்.

ஒரு சொல் பாக்கி. எக்ஸெம்ப்ளிஃபைட் காப்பி: கிளார்க் நகலுக்குச் சான்றிடுகிறார், நீதிபதி அந்தக் கிளார்க்குக்குச் சான்றிடுகிறார், கிளார்க் மறுபடி நீதிபதிக்குச் சான்றிடுகிறார். மும்மைச் சான்று நகல் என்று வைக்கிறேன். ஒரு மாநிலத் தீர்ப்பை வேறு மாநிலத்தில் பதியக் கேட்பார்கள். கலிபோர்னியாவில் 50 டாலர். இந்தியாவில் காட்டுவதற்கு இது வேண்டியதில்லை. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று) உடன்படிக்கையில் இருப்பதால், சாதாரணச் சான்றிட்ட நகலை மாநிலச் செயலரிடம் (செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்) கொடுத்து அப்போஸ்டில் வாங்கினால் போதும். கலிபோர்னியாவில் அதற்கு 20 டாலர். ஒரே ஒரு எச்சரிக்கை: சான்றிட்ட நகலின் ஸ்டேப்பிளைப் பிரித்து ஸ்கேன் எடுக்காதீர்கள். பிரித்த தடம் தெரிந்தால் அப்போஸ்டில் அலுவலகம் திருப்பிவிடும், நகலுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டிவரும்.

"மும்மைச் சான்று" பற்றி மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.