ஜயன்ட் செல் ஆர்டெரைட்டிஸ்: கேட்டால்தான் வரும் பதில்கள்

கண் பிரிவிலிருந்து:
ஜயன்ட் செல் ஆர்டெரைட்டிஸ் என்பது தலைக்கும் கண்ணுக்கும் போகும் தமனிகளில் அழற்சி ஏற்படும் நோய். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிலும் எழுபதுகளில் இருப்பவர், "ஒரு கண்ணு திடீர்னு இருட்டிட்டு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடுச்சு" என்று சொன்னால் தெளிந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பார்வை நிரந்தரமாகப் போவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். தலைவலியை அவர்களே சொல்லிவிடுவார்கள். தாடை வலியைப் பல் வலி என்று நினைத்துச் சொல்லாமல் விடுவார்கள், நாம்தான் கேட்க வேண்டும். வாயைத் திறந்ததுமே வலித்தால் பெரும்பாலும் தாடை மூட்டுதான். மென்றுகொண்டிருக்கும்போது வலி ஏறி, நிறுத்தினால் தணிகிறது என்றால் தசைக்கு ரத்தம் போதவில்லை. தலை சீவும்போது மண்டைத் தோல் வலிக்கிறதா, இரட்டையாகத் தெரிந்ததா, காலையில் தோளும் இடுப்பும் இறுகிக் கிடக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

பார்வை போன கண்ணில் பார்வை நரம்பின் தலை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து வீங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கண்ணின் பின்புறமுள்ள சிலியரி தமனிகள் அடைபட்டு அந்த நரம்புக்கு ரத்தம் நின்றதன் அடையாளம் அது. இருட்டிவிட்டுத் தெளிந்த கண்ணிலோ விழித்திரை இயல்பாகவே தெரியலாம், அதை நம்பி ஏமாறக் கூடாது.

பொது மருத்துவத்திலிருந்து:
அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர் (சிவப்பணு படியும் வேகம்), சி.ஆர்.பி (அழற்சியில் ஏறும் புரதம்), பிளேட்லெட் மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். ஈ.எஸ்.ஆர் உச்சவரம்புக்குத் தோராயக் கணக்கு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. 74 வயதுப் பெண்ணுக்கு 42. ஈ.எஸ்.ஆர் இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது.

ரத்தம் எடுத்த கையோடு ஸ்டீராய்டு தொடங்கிவிட வேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. பார்வைத் தொந்தரவு இல்லையென்றால் ப்ரெட்னிசோலோன் தினமும் 40 முதல் 60 மி.கி. பார்வை பாதிக்கப்பட்டிருந்தால் மெத்தில்ப்ரெட்னிசோலோன் 500 மி.கி. முதல் 1 கிராம் வரை, 3 நாள் சிரை வழியாக (IV). அதற்கு வசதியில்லையென்றால் உடனே 60 மி.கி. மாத்திரை. போன பார்வை திரும்புவது அரிது என்பதைக் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்த அவசரமெல்லாம் மறு கண்ணுக்காக. சிகிச்சை இல்லாவிட்டால் அதுவும் சில நாளிலோ வாரத்திலோ போய்விடக்கூடும்.

பயாப்ஸி பற்றி:
நெற்றிப்பொட்டுத் தமனியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பதுதான் இந்தப் பயாப்ஸி. நோய் தமனியில் விட்டுவிட்டுத்தான் பரவும். துண்டு சிறிதாக இருந்தால் நல்ல பகுதி மட்டும் சிக்கி 'நெகட்டிவ்' என்று வந்துவிடும். துண்டைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் சுருங்கிய பிறகும் 1 செ.மீ. இருக்க வேண்டுமென்றால் வெட்டும்போதே கூடுதலாக எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் பல மட்டங்களில் சீவிப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு வாரம் வரை பயாப்ஸி பொதுவாகப் பலன் தரும். அல்ட்ராசவுண்டில் தமனியைச் சுற்றித் தெரியும் கருவளையமோ சில நாட்களிலேயே மங்கத் தொடங்கிவிடும், ஆகவே ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். அறிகுறிகள் வலுவாக இருந்தால் பயாப்ஸி நெகட்டிவ் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

தொடர் சிகிச்சை:
சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு மூன்றையும் தொடக்கத்திலேயே கவனியுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்தே கொடுங்கள். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அழற்சியைத் தூண்டும் ஐ.எல்-6 சமிக்ஞையைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசியை வாரம் 162 மி.கி. போடுபவர்களுக்கு நோய் திரும்பினாலும் சி.ஆர்.பி ஏறாது, அவர்களிடம் ஒவ்வொரு முறையும் தலைவலி, தாடை, பார்வை பற்றி வாய்விட்டே கேட்க வேண்டும்.