பள்ளியில் பழைய ஃபயர் அலாரம்: பேனலை மட்டும் மாற்றினால் போதுமா?

கோவை_பராமரிப்பு:
வணக்கம். ஒரு மெட்ரிக் பள்ளியில் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிறேன். இரண்டு பிளாக், இரண்டிலும் இரண்டாவது மாடி வரை வகுப்பறைகள். அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி பழைய கன்வென்ஷனல் பேனல் (எந்தப் பகுதியில் என்று மட்டும் காட்டும் வகை), எட்டு ஸோன், அதாவது எட்டுப் பகுதி, போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்றாவது ஸோனில் ஃபால்ட் விளக்கு அணைவதே இல்லை, மழை பிடித்தால் பக்கத்து ஸோனும் சேர்ந்துகொள்ளும். பரீட்சை நடக்கும்போது காரணமே இல்லாமல் அலறியதால் யாரோ ஹூட்டர் வயரைக் கழற்றிவிட்டார்கள், அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

ஒரு கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு டிடெக்டரையும் தனித்தனியாக அடையாளம் காட்டும் அட்ரஸபிள் வகை போடச் சொல்கிறார். இன்னொருவர் பேனலை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று புதுப்பிக்க எது போதுமோ அதைச் செய்தால் சரி என்பது நிர்வாகத்தின் எண்ணம். எனக்கு மனசு ஒப்பவில்லை. மே மாத விடுமுறைக்குள் முடிக்க வேண்டும். எதைக் கேட்பது, எப்படி முடிவெடுப்பது?

பேனல்_மெக்கானிக்:
சார், மற்றதெல்லாம் அப்புறம், நாளைக்கே அந்த ஹூட்டர் வயரை மாட்டச் சொல்லுங்கள். தொல்லை கொடுக்கிற ஸோனை மட்டும் பேனலில் தற்காலிகமாக ஐசொலேட் செய்துவிட்டு (துண்டித்துவிட்டு), அந்தப் பகுதிக்கு ஒரு ஆளைச் சுற்றிவரப் போடுங்கள். ஒரு ஸோனுக்காக மொத்தக் கட்டடத்தையும் ஊமையாக்கி வைத்திருப்பது ரொம்ப ஆபத்து.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கன்வென்ஷனலில் ஒரு ஸோனுக்கு இரண்டு கம்பிதான் போகும், கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், வழியில் எங்காவது அறுந்தால் பேனல் ஃபால்ட் காட்டும். மழைக்குக் கூடுகிறது என்றால் பெரும்பாலும் பேனல் மேல் தப்பிருக்காது. ஜங்ஷன் பாக்ஸில் ஈரம், டிடெக்டர் மாட்டும் பேஸில் துருப்பிடித்த டெர்மினல், இல்லாவிட்டால் எலி கடித்த வயர். அதனால் பேனலை மட்டும் மாற்றினால் அதே ஃபால்ட் புதுப் பேனலிலும் வந்து நிற்கும், கொடுத்த பணம் வீண்.

முதலில் கேபிளை, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் டிடெக்டர்களை எல்லாம் கழற்றி, பேனல் பக்கமும் பிரித்த பிறகுதான் மெக்கர் போட வேண்டும், மாட்டியபடியே 500 வோல்ட் விட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். இதை நீங்கள் சொல்லாமலே செய்கிற ஆளாக இருந்தால் நம்பி வேலையைக் கொடுக்கலாம். இன்சுலேஷன் நன்றாக இருந்தால் பழைய கேபிளில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளலாம். அட்ரஸபிள் லூப் என்பது பேனலில் கிளம்பி மறுபடி பேனலுக்கே திரும்ப வேண்டும், திரும்பும் வழி வேறு பக்கமாக இருந்தால்தான் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற டிடெக்டர்கள் வேலை செய்யும். நடுநடுவே, ஷார்ட் ஆன பகுதியை மட்டும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று கொட்டேஷனில் பாருங்கள்.

சின்னக் கட்டடத்துக்குக் கன்வென்ஷனலே போதும். உங்களுடையது இரண்டு பிளாக், அதனால் என் ஓட்டு அட்ரஸபிளுக்குத்தான். "ஸோன் 3" என்று மட்டும் காட்டினால் வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாக ஓட வேண்டும், "பி பிளாக், முதல் மாடி, வேதியியல் ஆய்வகம்" என்று திரையில் வந்தால் நேராகப் போவார்.

டிடெக்டர்களைப் பொறுத்தவரை யோசிக்கவே வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது எதையும் புது லூப்பில் மாட்டக் கூடாது. கேண்டீன் சமையலறையில் புகை டிடெக்டர் இருந்தால் எடுத்துவிட்டு ஹீட் டிடெக்டர் போடுங்கள், பாதி பொய் அலாரம் அங்கிருந்துதான் வரும்.

தஞ்சாவூர்_டீச்சர்:
நான் டெக்னிக்கல் ஆள் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் போனார்கள். சமையலறையில் பிடித்த தீ மேல்மாடிக் கீற்றுக் கூரைக்கு ஏறியது. அந்தத் துயரத்தை ஒட்டித்தான் 2009-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் தீப் பாதுகாப்பு பற்றித் தீர்ப்பளித்தது. சான்றுக்கு எது போதும் என்று கேட்கிற நிர்வாகத்திடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள் தம்பி.

இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். வகுப்பு மணியும் தீ அலாரமும் ஒரே மாதிரி ஒலிக்கக் கூடாது. பீரியட் முடிந்தது என்று பிள்ளைகள் சாவகாசமாகப் பை கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் வகுப்பிலும் கழிப்பறைப் பக்கமும் மின்னும் விளக்கு வேண்டும்.

கோவை_பராமரிப்பு:
ரொம்ப நன்றி. ஹூட்டர் வயரை இன்று காலையே மாட்டிவிட்டோம், மூன்றாவது ஸோன் பக்கம் ஒரு ஆள் போட்டாயிற்று. மேடம் சொன்ன வெளிச்ச விளக்கையும் சேர்த்துப் புதுசாகக் கொட்டேஷன் கேட்கிறேன். வேலை நடக்கும் நாட்களில் கட்டடத்தில் அலாரமே இருக்காதே, அதை எப்படிச் சமாளிப்பது? சிறப்பு வகுப்புக்கு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள்.

ஆஸ்பத்திரி_மெயின்டனன்ஸ்:
நாங்கள் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே மாற்ற வேண்டியிருந்தது. பழையதை அணைக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதை இழுத்து, சோதித்து முடித்த பிறகுதான் பழசைக் கழற்றினோம். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. முடியாவிட்டால் ஒரு பிளாக் முடிந்த பிறகு அடுத்த பிளாக், சிறப்பு வகுப்பை அலாரம் ஓடுகிற பிளாக்குக்கு மாற்றுங்கள்.

ஒப்படைக்கும்போது சத்தத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அதுவும் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று. தீ அலாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2189 கேட்பது 65 டெசிபல், அல்லது அங்கே இருக்கும் இரைச்சலை விட 5 டெசிபல் கூட. வராந்தாவில் காது கிழியும், உள்ளே ஃபேன் சத்தத்தோடு பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்காது. மெயினை அணைத்து பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேனலின் பாஸ்வேர்டும் புரோகிராம் ஃபைலும் பள்ளியிடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு டிடெக்டர் சேர்க்கக்கூட அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகையும் அவர் வைத்ததுதான்.

பேனல்_மெக்கானிக்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று விட்டுப்போனது. கழற்றுகிற பழைய புகை டிடெக்டர்களின் பின்பக்கம் பாருங்கள், கதிர்வீச்சுக் குறியோ அமெரிசியம் 241 என்றோ இருந்தால் அது அயனைசேஷன் வகை. காயலான் கடைக்குப் போடக் கூடாது, பிள்ளைகள் கையில் கிடைக்கும்படி ஸ்டோர் ரூமில் குவித்தும் வைக்கக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி சப்ளையர் மூலம் திருப்பி அனுப்ப வேண்டும், அந்தப் பொறுப்பு யாருடையது என்று கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மெக்கர் ரீடிங் வந்ததும் இங்கே போடுங்கள், எந்தக் கேபிளை வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.