தளத்தின் காண்டாக்ட் ஃபார்ம் 'அனுப்பப்பட்டது' என்றது, மெயில் வரவேயில்லை: உங்கள் அனுபவம்?

ஈரோட்டுக்காரன்
ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேர்ட்பிரஸ் தளம் செய்து கொடுத்திருந்தேன். ஓனர் மெயிலை கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றி நாலு மாசம் ஆகியிருந்தது. "தம்பி, ஃபார்ம்ல ஒரு விசாரணைகூட வரலையே"ன்னு போன் பண்ணினார். டெஸ்ட் பண்ணினால் பச்சைக் கட்டத்தில் நன்றி வருகிறது. ஸ்பாமிலும் ஒன்றுமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, சிபேனலில் (தளம் இருக்கும் சர்வரின் நிர்வாகப் பக்கம்) கிடந்த பழைய 'இன்ஃபோ' மெயில் பெட்டியைத் திறந்தேன். படிக்காத மெயில் 61. ஒரே ஆள் மூணு தடவை எழுதியிருந்தார். "தை மாசம் மகளுக்குக் கல்யாணம், மண்டபம் கிடைக்குமா?" மூணாவதில், "இல்லைன்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

எம்எக்ஸ் (டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்று சொல்லும் ரெக்கார்டு) கூகுளுக்குப் போயிருந்தாலும் சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் 'லோக்கல்' என்றே இருந்திருக்கிறது. அதனால் சர்வர் வெளியே அனுப்பாமல் தன்னிடம் இருந்த பெட்டியிலேயே போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 'ரிமோட்' என்று மாற்றினேன், அடுத்த டெஸ்ட் உடனே வந்தது. அந்த மூணாவது மெயில் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

மதுரை வெப்
எனக்கு யாஹூ முகவரிக்காரர்கள் எழுதினது மட்டும் காணாமல் போனது. நான் ஜிமெயிலில் டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் வந்தது, அதனால் வாடிக்கையாளர் சொன்னதை நம்பவில்லை. அவர் என் முன்னாடியே தன் யாஹூ முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டு, பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. 'ஃப்ரம்' (அனுப்புநர்) இடத்தில் ஃபார்மில் எழுதுபவரின் முகவரியை வைத்திருந்தேன். நம்ம சர்வர் யாஹூ பெயரில் அனுப்பினால் யார் ஏற்பார்கள்? 2014 ஏப்ரலிலேயே யாஹூ டிமார்க்கை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்யணும் என்று சொல்லும் விதி) 'ரிஜெக்ட்', அதாவது நிராகரி என்று ஆக்கிவிட்டது. ஃப்ரம்மில் நம் டொமைன், ரிப்ளை-டுவில் (பதில் போகும் இடம்) எழுதுபவரின் முகவரி. அவ்வளவுதான்.

சர்வர் தாத்தா
ஈரோட்டுத் தம்பி, ரூட்டிங்கைத் தொட்டிருக்கவே வேண்டாம். எஸ்எம்டிபி பிளகின் (தளத்தின் மெயிலை லாகின் செய்து வெளி மெயில் சர்வர் வழியா அனுப்புவது) போட்டு கூகுள் வழியா அனுப்பியிருந்தால் மெயில் நேரா வந்திருக்கும். என் கதை சின்னது: ஒரே டொமைனுக்கு ரெண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு (டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்), ரெண்டும் செல்லாமல் போய் ஒரு வாரம் தலைவலி. எல்லாருக்கும் சொல்கிறேன், எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கணும், புதுசா வருவதை அதற்குள்ளேயே சேருங்கள். அதிலும் அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் (டொமைன் விவரப் பதிவு) தேடல் 10-ஐத் தாண்டக்கூடாது. டிகேஐஎம் (மெயிலில் டொமைன் வைக்கும் டிஜிட்டல் கையெழுத்து) போடுங்கள், 2024 பிப்ரவரிக்கு அப்புறம் ஜிமெயில் ரொம்பக் கறார். ஜிமெயில் எஸ்எம்டிபிக்கு வழக்கமான பாஸ்வேர்டு எடுக்காது, டூ-ஸ்டெப் சரிபார்ப்பு போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கணும். முக்கியமா, காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற ஃபார்ம் பிளகின் தானாக எதையும் சேமிக்காது, வந்ததைச் சேமிக்கும் ஃபிளமிங்கோ பிளகினைப் போடுங்கள். மெயில் தொலைந்தாலும் விசாரணை தளத்திலேயே இருக்கும்.

ஈரோட்டுக்காரன்
ஐயா, ஃபார்முக்கு அது சரி. ஆனால் அதே சர்வரில் இருக்கும் வேறு தளங்களிலிருந்து இந்த டொமைனுக்கு வரும் மெயில்? எஸ்எம்டிபி போட்டாலும் அதெல்லாம் பழைய பெட்டியில்தான் விழும். ரூட்டிங்கை மாற்றித்தான் ஆகணும். ஃபிளமிங்கோ விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன், அன்றைக்கே போட்டேன்.

மதுரை வெப்
அந்த மூணு மெயில் எழுதினவருக்கு யாராவது போன் பண்ணினீங்களா?

ஈரோட்டுக்காரன்
மறுநாள் காலையில் ஓனரே பண்ணினார், நான் பக்கத்தில் இருந்தேன். கல்யாணம் வேறு மண்டபத்தில் முடிந்திருந்தது. "நாங்க என்னமோ தப்பா எழுதிட்டோம்னு நெனச்சோம்"ன்னு அவர் சொன்னது எனக்கும் கேட்டது.